அனுமதி பெற்ற கொலை

ஆவாரங்குட்டையில் கொலை செய்ய விரும்புகிறவர்கள் முன்கூட்டியே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மேடையில் செய்கிற கொலையைச் சொல்கிறேன். மற்றக் கொலைகளுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆளைப் பொறுத்து, பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் ஆம்பூருக்கு அந்தண்டை, பாலாற்றங்கரையில் இருந்தது. ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறவன்கூட நாற்றத்தை வைத்து ஊரைச் சொல்லிவிடுவான். ஊர் என்றால் ஒரு தோல் கிடங்கு, அந்தக் கிடங்கில் உழைக்கிற குடும்பங்கள், கிடங்கின் முதலாளி, முதலாளியை அந்தக் குடும்பங்களிடமிருந்து காப்பாற்ற ஒரு போலீஸ் ஸ்டேஷன். முதலாளியின் பெயர் கனகசபை. வெள்ளைக்காரச் சர்க்கார் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்து, கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் ஆக்கி வைத்திருந்தது. வாரம் முழுக்க ஆட்களுக்கு வேலை கொடுப்பார். வாரத்தில் ஒரு நாள் அதே ஆட்களுக்கு அபராதம் போடுவார். கிடங்கை மேற்பார்த்தவர் அவருடைய மைத்துனர் திருவேங்கடம். வைகாசி வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாத மனிதர்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் கிடங்கு குமாஸ்தா அப்பாவு செத்துப்போனான். சுண்ணாம்புக் குழியில் பிணம் கிடந்தது. சுண்ணாம்புக் குழி என்பது தோலிலிருந்து மயிரைக் கழற்றுகிற இடம். பச்சைத் தோலைச் சில நாள் அதில் ஊறப்போட்டால் மயிர் கையோடு வந்துவிடும். பிணத்தை போலீஸாரே எடுத்தார்கள், பாயில் சுற்றினார்கள், வண்டியில் ஏற்றினார்கள். கிடங்கு ஆட்கள் ஒருவரையும் கிட்டே விடவில்லை.

கொன்றவன் இருதயராஜ் என்று சர்க்கார் சொன்னது. அவன் குழியில் வேலை செய்கிறவன். கெங்கையம்மன் நாடக சபாவில் பபூன் வேஷம் கட்டுகிறவனும் அவன்தான். சனிக்கிழமை சாயங்காலம் மாமியார் காரியத்துக்கு நாட்றம்பள்ளி போக அப்பாவுவிடம் லீவு கேட்டான். அப்பாவு தரமாட்டேன் என்றான். "உன்னைத் தூக்கிக் குழியில போட்டுட்டுப் போறேன் பாரு" என்று பபூன் குரலில் கத்திவிட்டுப் போனான் இருதயராஜ். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுவும் சிரித்தான். அடுத்த சனிக்கிழமை பிணம் அகப்பட்டது. லீவு கேட்ட அன்றைக்கே இருதயராஜ் அவனைக் குழியில் தள்ளிவிட்டு நாட்றம்பள்ளிக்கு ஓடினான், பிணம் ஒரு வாரம் சுண்ணாம்பில் ஊறியது. இதுதான் கேஸ். கிடங்கில் சிரித்தவர்களையெல்லாம் சாட்சி போட்டார்கள்.

இருதயராஜைத் தாலுக்கா சப்-ஜெயிலில் வைத்திருந்தார்கள். கேஸ் மேலே போனால் தூக்கு. அவன் மனைவி சவுரியம்மாள் ஆதிகேசவனைத் தேடி வந்தாள். ஆதிகேசவன் பட்டை மண்டியில், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை எடை போடுகிறவன், சபாவுக்கு நாடகம் எழுதுகிறவன்.

"வேலூர்ல ஒரு வக்கீல் இருக்கிறாராம்ண்ணா. கேஸ் எடுத்தா வுடமாட்டாராம். திருவிழாவுக்கு நாடகம் போடுங்க. வசூலை அவருக்குக் குடுங்க. எங்க ஊட்டுக்காரரு உங்களை எத்தினி வருசம் சிரிக்க வெச்சாரு. ஒரு தபா நீங்க அவருக்காகச் சிரிக்க வையுங்க."

"பபூன் உள்ள இருக்கிறான். நான் எப்படிம்மா சிரிக்க வெக்கிறது?"

"கொலைய வெச்சு எழுதுங்க. இந்த ஊர்ல அதுதான் இப்பச் சிரிப்பா இருக்குது" என்றாள்.

ஆதிகேசவன் எழுதினான். 'மூன்று முறை செத்த மிராசுதார்' என்று பெயர். ஒரு மிராசுதார் குளத்தில் பிணமாக மிதக்கிறார். நான்தான் விஷம் வைத்தேன் என்கிறான் சமையல்காரன். அதற்கு முன்பே என் மருந்தில் போய்விட்டார் என்று சண்டைக்கு வருகிறார் வைத்தியர். இரண்டு பேரும் பொய், தள்ளினது நான் என்கிறாள் மூத்த சம்சாரம். கொலைக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடும்போது, பிணத்தின் கையில் ஒரு கோட்டுப் பொத்தான் இருப்பது தெரிகிறது. மைத்துனன் கோட்டில் ஒரு பொத்தான் குறைகிறது. அவன் ஓடுகிறான். பிணம் எழுந்து துரத்துகிறது. செத்தது மிராசுதாரே இல்லை, அவர் ஜாடையில் இருந்த கடன்காரன்.

ஊர்க் கேஸின் வாசனைகூட வரக்கூடாது என்று ஆதிகேசவன் ஜாக்கிரதையாக இருந்தான். கிடங்கு இல்லை, குழி இல்லை, குமாஸ்தா இல்லை. மாளிகை, குளம், மிராசுதார். சுத்தப் பொய்.

நாடகங்களுக்கென்று சர்க்காரில் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பாட்டு மேடையிலிருந்து இறங்கி ராஜாங்கத்தைக் கவிழ்க்குமோ என்ற பயத்தில் போட்டது. அந்தச் சட்டப்படி நாடகத்தை ஸ்டேஷனில் கொடுத்தான். சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி அதைப் படித்தார். அதாவது, ஏட்டு முனிரத்தினம் படிக்க அவர் கேட்டார். பிணம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்துய்யா. இன்னாது அது?"

ஏட்டு மறுபடியும் படித்தார். "வேலைக்காரன்: ஐயோ, எஜமான் செத்தும் மீசை சாகலியே! முறுக்கின மேனிக்கே நிக்குதே!"

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "மீசையப் பத்தி உனக்கு எவன்டா சொன்னான்?"

"எவனும் சொல்லல சார். வேலூர்ல புதுசா ஒரு ஒட்டு மீசை வாங்கினோம். நாலு பேர் கண்ணுல படட்டுமேன்னு எழுதினேன்."

"பொணத்துக்கு மீசை இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

"ஒண்ணுமில்ல சார். தண்ணியில மீசை உதிராது. சுண்ணாம்புல கெடந்தாத்தான்..."

ஏட்டு இருமினார். சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து, மீசையை எடு என்றார். ஆதிகேசவன் எடுத்தான்.

அடுத்தது பொத்தான். அந்த இடம் வந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கோட்டுப் பொத்தானா?"

"ஆமா சார். சபாவுல ஒரு பழைய கோட்டு கெடக்குது. ஒரு பொத்தான் இல்ல. தெக்க ஆள் இல்ல. சரி, கதையில சேத்துடலாம்னு..."

"பித்தளையா?"

"இன்னா பொத்தான்னு எழுதல சார்."

"எழுதாதே."

"அப்போ பொத்தானுக்குப் பதிலா பொடி டப்பி வெச்சிக்கட்டுமா?"

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். "கையிலியா?"

"கையிலதான் சார்."

"கையே வேணாம். கைன்னு ஒண்ணு இருந்தா ஜனங்க அதுல இன்னா இருக்குதுன்னு பாப்பாங்க. பொணத்தைக் கழுத்தோட நிறுத்திக்கோ."

கதையில் மைத்துனன் வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "திருவேங்கடம் ஐயாவுக்கும் உனக்கும் இன்னாடா தகராறு?"

"ஐயோ, அவரு எங்க சார் இதுல வந்தாரு? இது மிராசுதாரோட மைத்துனன். நாடகத்துல மைத்துனன்னாலே ஜனம் சிரிக்கும்."

"நீ மைத்துனன்னு சொன்னா ஊரே அவரைத்தான்டா திரும்பிப் பாக்கும்."

"அவரை ஏன் சார் பாக்கணும்?"

சப்-இன்ஸ்பெக்டர் பங்கா விசிறி இழுக்கிறவனைத் திட்டினார். பிறகு கொலைகாரனை மாற்றச் சொன்னார். வைத்தியர் என்றான் ஆதிகேசவன். ஜில்லா போர்டு டாக்டர் கோபித்துக்கொள்வார் என்றார். சமையல்காரன் என்றான். அவன் ஜாதிக்காரர்கள் கலெக்டருக்கு மனுப் போடுவார்கள் என்றார். மூத்த சம்சாரம் என்றான். மூத்த சம்சாரங்கள் பெரிய வீடுகளில்தான் இருக்கிறார்கள் என்றார்.

"மிச்சம் இருக்கிறது வேலைக்காரன்தான் சார். அவன் மீசையப் பாத்து அழறதோட சரி. கொலை நடக்கிறப்ப அவன் ஊர்லியே இல்ல."

"அவனைப் போடு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். முகம் தெளிந்துவிட்டது. "வேலைக்காரனுக்கு எவன் வந்து மனு எழுதப் போறான்? இப்பத்தான்டா நாடகம் நல்லாருக்குது."

ஆனால் நாடகத்துக்கு அனுமதி தருவது தன் அதிகாரத்தில் இல்லை, தடுப்பது மட்டும்தான் தன் அதிகாரத்தில் இருக்கிறது என்று சொல்லி, தாலுக்கா சப்-மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பினார்.

சப்-மாஜிஸ்திரேட் படித்தவர். தமிழைக்கூட இங்கிலீஷ் மாதிரி பேசுவார். ஆதிகேசவனை நிற்கவைத்து நாடகக் கலையின் நோக்கத்தைப் பற்றிப் பேசினார்.

"மர்மம் என்று எழுதியிருக்கிறாய். மர்மம் என்றால் என்ன? குற்றவாளி யார் என்பது சர்க்காருக்குத் தெரியாமல் இருக்கும் காலம். அப்படிப்பட்ட காலம் இந்த ராஜதானியில் கிடையாது. மூன்று மணி நேரம் சர்க்கார் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது என்று பாமர ஜனங்கள் எண்ணினால் நாளைக்கு எவன் பயப்படுவான்? ஆகையால் குற்றவாளி முதல் காட்சியிலேயே பிடிபட வேண்டும்."

"முதல் காட்சியிலங்களா? கொலை ரெண்டாவது காட்சியிலதானுங்களே வருது?"

"வரட்டும். என்ன அவசரம்? உங்கள் ஊர் வழக்கையே எடுத்துக்கொள். பிணம் குழியிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே போலீஸார் கைது செய்ய நாட்றம்பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்கள். செத்தது யார் என்று தெரியாமலேயே கொன்றது யார் என்று தெரிந்துகொள்ளும் போலீஸ் வேறு எந்தத் தேசத்தில் இருக்கிறது?"

ஆதிகேசவன் வாயைத் திறந்தான், மூடினான். சப்-மாஜிஸ்திரேட் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு உத்தரவு போட்டார். இருட்டில் ஜனங்கள் கூடுவது ஆபத்து, ஆகையால் நாடகம் பட்டப்பகலில் நடக்க வேண்டும். நீக்கப்பட்ட விஷயங்கள் நாடகத்தில் இருப்பதாக எவனாவது வதந்தி கிளப்பக்கூடும், ஆகையால் நாடகத்தில் என்னென்ன இல்லை என்பதை ஒரு பொறுப்புள்ள அதிகாரி மேடையேறி ஜனங்களுக்கு விளக்க வேண்டும்.

கடைசியாக ராவ் சாகிப். திருவிழாவுக்குத் தலைமை வகிப்பவர் அவர். சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பக்கத்தில் மைத்துனர் திருவேங்கடம் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"மிராசுதார் சாகறது சரியில்லப்பா" என்றார் ராவ் சாகிப். "நாலு பேருக்குச் சோறு போடறவன் அவன். அவனைச் சாகடிச்சிட்டா அப்புறம் நீங்கள்லாம் எங்க போய்ச் சாப்பிடுவீங்க? சின்ன ஆளா ஒருத்தனைப் போடு. ஒரு குமாஸ்தாவைப் போடேன்."

"எஜமான், நம்ம ஊர்ல இப்பத்தான் ஒரு குமாஸ்தா..."

"அதான் சொல்றேன். ஜனங்களுக்குப் பழக்கமா இருக்கும். ஆனா ஒண்ணு. குமாஸ்தா பட்டணம் போயிருந்தான், வெள்ளிக்கிழமை ரயில்ல வந்து எறங்கினான்னு மட்டும் எழுதிடாதே."

"அப்படி எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லீங்களே."

"தோணாம இருக்கிறதுதான் நல்லது. வந்த எடத்துல யாரோ ஒரு பெரிய மனுஷன் கோவத்துல ஒரு தள்ளு தள்ளினான், அவன் தலை படியில பட்டுதுன்னும் எழுதாதே. பாவம், கோவம் யாருக்குத்தான் வராது? தள்ளினா அது கொலையாயிடுமா?"

"மாமா" என்றார் திருவேங்கடம்.

"நீ இருப்பா. கலையப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

ஆதிகேசவன் வெளியே வந்தான். அவன் எழுதியது அத்தனையும் பொய். ஆனால் அவர்கள் நீக்கச் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அவன் கையில் மிச்சம் இருந்தது ஒரு முழு உண்மை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. போலீஸிடம் சொல்லலாம். போலீஸ்தான் அவனிடம் சொன்னது. மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். அவரும் அவனிடம் சொன்னவர்தான்.

சவுரியம்மாளிடம் மட்டும் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"வக்கீல் வருவாரில்ல? அவரண்ட சொல்லுங்க. நாடகத்தை நிறுத்தாதீங்க" என்றாள்.

நிறுத்தவில்லை. ஒத்திகையில் ஆர்மோனியம் வாசிக்கிற நயீம் அகமது ஏடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கொலை இல்ல, பொணத்துக்குக் கை இல்ல, மர்மம் இல்ல. வேலைக்காரனை மொதல்லியே புடிச்சி கட்டிப்போட்டாச்சி. மீதி நேரத்துக்கு இன்னா தோஸ்த் பண்ணப்போறோம்? நான் வேணா தொழுகைக்குப் பாங்கு சொல்லட்டா?"

"வாசி நயீம். நீ பாட்டுக்கு வாசி."

கெங்கையம்மனின் தலையை எடுத்து வருகிற சிரசு ஊர்வலம் காலையில் முடிந்தது. மத்தியானம் பாலாற்று மணல் காய்ச்சிய இரும்பாகக் கிடந்தது. கொட்டகைக்கு மேலே பாதி ஓலைதான் கிடைத்தது, மீதி வானம். ஊரே வந்திருந்தது. டிக்கெட் வாங்க முடியாதவர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ராவ் சாகிப், சப்-மாஜிஸ்திரேட், திருவேங்கடம். திருவேங்கடத்தின் கோட்டு நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொறுப்புள்ள அதிகாரியாக சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி மேடையேறினார். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"மகாஜனங்களே! இந்த நாடகத்தைச் சர்க்கார் பரிசீலனை பண்ணி, சுத்தம் பண்ணிக் குடுத்திருக்குது. நம்ம ஊர் கேசுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. இன்னான்னா கெடையாதுன்னு நான் இப்பச் சொல்லிடறேன். அப்புறம் எவனும் வதந்தி கிளப்பக்கூடாது. மொதலாவது, குழியிலேருந்து எடுத்தப்போ பொணத்தோட மீசை உதிராம அப்படியே இருந்துதுன்னு இந்த நாடகத்துல கெடையாது."

கூட்டத்தில் பாதிப் பேர் கையில் சுண்ணாம்புப் புண். யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தோல் சுரண்டுகிற கெங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு வாரம் ஊறி மயிர் நின்னுச்சா? எந்த ஊர்ச் சுண்ணாம்புய்யா அது? நம்ம குழிச் சுண்ணாம்பு நாலே நாள்ல ஆட்டுத்தோலை மொட்டை அடிச்சிடுமே!"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "போட்ட ஒரு நாள்லியே எடுத்திருக்கிறாங்க, ஆயா! நம்ம இருதயராஜு அன்னிக்கி நாட்றம்பள்ளியில எழவு வூட்டுல கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தான்!"

சப்-இன்ஸ்பெக்டரின் வாழ்க்கையில் அதற்கு முன்பு அவர் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை. சிரிப்பு அவருக்கு ஏறிவிட்டது. குரலை உயர்த்தினார்.

"ரெண்டாவது! பொணத்தோட கையில ஒரு பித்தளைப் பொத்தான் இருந்துதுன்னு கெடையாது! அந்தப் பொத்தான் எந்தக் கோட்டோடதுன்னு சுத்தமா கெடையாது!"

மணல் அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். சப்-மாஜிஸ்திரேட் முன்வரிசையிலிருந்து கையை ஆட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பாராட்டு என்று நினைத்து இரண்டடி முன்னால் வந்தார்.

"மூணாவது! மொதலாளிக்கு மைத்துனர்னு ஒருத்தர் கெடையவே கெடையாது! குமாஸ்தா வெள்ளிக்கிழமை பட்டணத்து ரயில்ல வந்து எறங்கலே! யாரும் அவனைக் கோவத்துல புடிச்சித் தள்ளலே! தலை படியில படலே!"

அப்போது திருவேங்கடத்தின் வலது கை எழுந்தது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கை தானாகவே கோட்டின் மார்பில் போய், மூன்றாவது பொத்தானின் இடத்தை மூடிக்கொண்டது.

சிரிப்பு நின்றது. ஊர் முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. நயீம் அகமது பழக்க தோஷத்தில் வில்லன் வருகிற சுரத்தை ஆர்மோனியத்தில் இழுத்துவிட்டான்.

பெண்கள் பக்கத்திலிருந்து சவுரியம்மாள் எழுந்து வந்தாள். திருவேங்கடத்தின் முன்னால் நின்றாள்.

"கையை எடுங்க ஐயா" என்றாள்.

அவர் எடுக்கவில்லை. இன்னொரு கையையும் மேலே வைத்துக்கொண்டார்.

"எடுங்க ஐயா. பொத்தான்தானே? ஊரு பாக்கட்டும்."

பிறகு தடியடி நடந்தது. பொதுஜன அமைதி திரும்பியது. வசூல் பெட்டி தடயமாக ஸ்டேஷனுக்குப் போனது, வக்கீல் வேலூரிலேயே இருந்துகொண்டார். நாடகத்தின் முதல் காட்சி ஆரம்பிக்கவே இல்லை. முகத்தில் மாவு பூசி வேலைக்காரன் வேஷத்தில் நின்ற ஆதிகேசவனை அந்த மாவோடு கைது செய்தார்கள்.

மறுநாள் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிறுத்தினார்கள். குற்றம், அப்பாவு கொலை.

ஆதிகேசவனுக்கு முதலில் புரியவில்லை. "இருதயராஜ் கேஸுங்களா?"

"அந்த வழக்கில் நேற்று சில சிரமங்கள் ஏற்பட்டுவிட்டன" என்றார் சப்-மாஜிஸ்திரேட். "மீசை விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டபடியால், கொலை நடந்த தினத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றவேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இருதயராஜ் நாட்றம்பள்ளியில் இருந்தான். நீ ஊரில் இருந்தாய். அல்லவா?"

"இருந்தேனுங்க. ஊரே இருந்துச்சுங்க. திருவேங்கடம் ஐயாவும் இருந்தாரு."

"அவர் பெயர் இந்தக் கோர்ட்டில் எங்கே வந்தது? எழுதாதே" என்று கோர்ட் குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "பொத்தானைப் பற்றி இரண்டே தரப்புக்குத்தான் தெரியும். ஒன்று போலீஸ். மற்றொன்று கொலைகாரன். நீ போலீஸ் அல்ல."

"பொத்தான் நான் சும்மா எழுதினதுங்க! அப்போ நெஜமாவே பொத்தான் இருந்துச்சுங்களா?"

"இல்லை. பொத்தான் என்று ஒன்று இல்லவே இல்லை என்று போலீஸ் தரப்பில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்."

"இல்லாத பொத்தானுக்கு நான் எப்படிங்க கொலைகாரன் ஆவேன்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். இல்லாத ஒரு பொத்தான் உனக்கு எப்படித் தெரிந்தது?"

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்னார். எதிரியான ஆதிகேசவன் கேஸின் எல்லா விவரங்களையும் முன்கூட்டியே அறிந்திருந்ததாகவும், தான் அவற்றை நாடகத்திலிருந்து ஒவ்வொன்றாக அடித்தபோது எதிரி மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டதாகவும், அதுவே குற்ற உணர்ச்சி என்றும் சொன்னார். ஒரு குமாஸ்தாவைக் கொன்றதற்கு இரண்டு பேரை வைத்துச் சோறு போடுவது சர்க்காருக்கு வீண் செலவு என்ற அபிப்பிராயத்தில், இருதயராஜை விடுதலை செய்து, ஆதிகேசவனை ரிமாண்டில் வைக்க உத்தரவாயிற்று.

சப்-ஜெயில் அதே காம்பவுண்டில் இருந்தது. விலங்கு ஒன்றுதான் இருந்தது. ஏட்டு முனிரத்தினம் அதை இருதயராஜ் கையிலிருந்து கழற்றி, சூடு ஆறுவதற்குள் ஆதிகேசவன் கையில் மாட்டினார். இருதயராஜ் பாதியாகிப் போயிருந்தான். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"நாடகம் போட்டியாமே?"

"போட்டோம்."

"பபூன் யாரு கட்னது?"

"சப்-இன்ஸ்பெக்டர்."

"ஜனம் சிரிச்சுதா?"

"நீ கட்டின வேஷத்துக்கெல்லாம் அப்படிச் சிரிச்சதில்லடா."

இருதயராஜ் தலையை ஆட்டினான். தொழில்காரன் இன்னொரு தொழில்காரனை ஒத்துக்கொள்கிற ஆட்டல். "கடைசியில யாருதான்டா கொலைகாரன்?"

"நேத்து வரிக்கும் நீ. இன்னிக்கி நான்."

"டேய், நான் போவலடா. நான் இங்கியே..."

"போடா. ஊட்டுக்குப் போ. உன் பொண்டாட்டி வந்து நிக்குது பாரு."

சவுரியம்மாள் கையில் தூக்குச் சட்டி இருந்தது. புருஷனுக்கென்று விடியலில் செய்த கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. விடுதலை ஆவான் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கம்பிக்குள் போய்விட்ட ஆதிகேசவனைப் பார்த்தாள். முகத்தில் இன்னும் அங்கங்கே மாவு இருந்தது.

ஏட்டு கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"இந்தாங்க" என்று சட்டியை அவரிடம் நீட்டினாள் சவுரியம்மாள். "உள்ள ஒருத்தர் இருக்கிறாரு. ஒரு தப்பும் பண்ணாதவரு. அவருக்குக் குடுங்க."

"அப்படி யாரும் உள்ள இல்லம்மா" என்றார் ஏட்டு, உத்தியோகப்படி. சட்டியைச் சோதனை போட வேண்டும் என்று விதி. ஏட்டு மூடியைத் திறக்கவில்லை.

உள்ளே திருட்டுக் கேஸ், சாராயக் கேஸ், வெட்டுக் கேஸ் என்று ஏழெட்டுப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு, சட்டியை நேராக ஆதிகேசவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.